ஆடி மாதத்து லீவு

எங்கள் தெருவில் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஆவணி மாதத்தில்தான் பிறந்திருந்தார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம், பட்டாசுக் கம்பெனிகளை நம்பிப் பிழைத்த தெரு அது. ஆவணி வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் தினம் யாராவது மிட்டாய் கொடுப்பார்கள். நான் மட்டும் சித்திரையில் பிறந்தவள். அப்போது முழுப்பரீட்சை லீவு. வாங்க ஆளில்லாமல் என் மிட்டாயை நானே தின்று தீர்ப்பேன்.

இது ஏன் இப்படி என்று அம்மாவைக் குடைந்தேன்.

"தீவாளி முடிஞ்சா கம்பெனிக்கு லீவு விடுவாகள்ல? அப்பதான் கோயிலுக்குப் போக நேரம் கெடைக்கும். சாமிகிட்ட பிள்ளை கேப்பாக. பத்து மாசத்துல சாமி குடுக்கும்" என்றாள்.

அடடா, எவ்வளவு நல்ல கணக்கு! சாமியும் ஆர்டர் பிடித்துத்தான் பிள்ளைகளை அனுப்புகிறது என்று எனக்குப் பரம திருப்தி.

அந்தத் திருப்தி ஒரு நாள்கூட நிற்கவில்லை. விரலை மடக்கிச் சித்திரையிலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தேன். ஆடியில் வந்து நின்றது. ஆடியில் ஏது லீவு? தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும் சீசன். காய்ச்சலில் படுத்திருந்தாலும் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். அப்படியானால் என்னைக் கேட்டுக் கோயிலுக்குப் போனது யார்?

"ஒன்னய எவன் கேட்டான்? தவிட்டுக்கு வாங்குனது" என்றான் அண்ணன்.

எல்லா வீட்டிலும் சொல்கிற கேலிதான். ஆனால் என் கையில் கணக்கு இருந்ததே! கண்ணாடியில் என் மூக்கையும் அம்மாவின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றுபோலத்தான் இருந்தது, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். நான் பிறக்கும் முன்பே சித்தப்பா இறந்துவிட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மறுநாள் அக்காவும் தங்கையும் வாசலில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நேராகப் போய் நின்றேன்.

"ஆடியில லீவே கெடையாதே. அப்ப நான் யாரு பிள்ளை?"

அம்மாவின் கை நின்றுவிட்டது. "போடி அங்குட்டு. எம்புட்டுக் கேள்வி!" என்று அதட்டினாள்.

நான் நகரவில்லை. "நெசத்தச் சொல்லுங்க. தவிட்டுக்குத்தான வாங்குனீக?" என்று ஓவென்று அழுதேன்.

சித்திதான் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்தாள். "யாரு சொன்னா லீவு இல்லன்னு? நீ பொறக்கறதுக்கு முந்துன ஆடியில கம்பெனியப் பூட்டிட்டாக. ரொம்ப நாள் தொறக்கவே இல்ல. ஒங்கப்பாவும் ஒங்கம்மாவும் வீட்லதான் இருந்தாக. நீ இவுக பிள்ளைதாண்டி."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மடியிலிருந்து குதித்துத் தெருவில் இறங்கி, "எனக்கும் லீவு விட்டாக! எனக்கும் லீவு விட்டாக!" என்று கத்திக்கொண்டே ஆடினேன். அம்மா கையில் அகப்பட்ட குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சீசன் நேரத்தில் ஒரு கம்பெனியை எதற்காகப் பூட்டுவார்கள் என்று, அத்தனை கேள்வி கேட்ட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மருந்து கலக்கும் அறை வெடித்து, உள்ளே இருந்த சித்தப்பா இறந்ததால்தான் பூட்டினார்கள் என்று பெரியவளான பிறகே தெரிந்துகொண்டேன். அன்று என் காதில் விழுந்ததெல்லாம், சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான்.

"ஆடட்டும், விடுக்கா. அதுலயும் நமக்கு ஒண்ணு வந்துச்சுல்ல."