இடது கையில் முள்கரண்டி: புதுச்சேரியில் ஒரு மதிய விருந்து

வலது கை வராதவர்கள் பயணம் போனால் எங்கே, எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். இடது கையின் ஒரே விரலால் தட்டுவதால் மூன்று நாள் பிடித்தது. பிழை இருக்காது, நான்கு முறை சரிபார்த்துவிட்டேன்.

2006 மே மாதம் எனக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதத்தில் கால் திரும்பியது, துணைக்கு ஒரு கைத்தடியோடு. வலது கை மட்டும் வரவில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்வேன். நாலு பேர் முன்னால் இடது கையை வாய்க்குக் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. ஊட்டிவிட வந்த மருமகளையும் திருப்பி அனுப்பினேன். ஆவணியில் தம்பியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பந்திக்குக் கூப்பிட வந்தவர்களிடம் பசியில்லை என்று சொல்லிவிட்டு, மண்டபத்து மாடி அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு இட்லி தின்றேன். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

அடுத்த பிப்ரவரியில் பிலோமின் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதுச்சேரிக்காரி. சென்னையில் கான்வென்ட் விடுதியில் ஆறு வருடம் எனக்குப் பக்கத்துக் கட்டில். அவளுக்கு எழுபது நிறைகிறதாம், மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள். நான் ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்:

"எங்க வீட்டு மேசையில எல்லாருக்கும் முள்கரண்டி இடது கையிலதான்டி. உன்ன மட்டும் யாரு பாக்கப் போறா?"

எனக்கு இது தோன்றவே இல்லை. கான்வென்டில் மதர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதானே. முள்கரண்டி இடது கையில், பல் கீழ்நோக்கி. சாப்பிடாத கை மடியில். இந்தக் கடைசி விதிக்காகப் பிலோமின் நிறைய ரூலர் அடி வாங்கினாள். வீட்டுப் பழக்கத்தில் இரண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் வைத்துக்கொள்வாள். நான் ஒரு அடிகூட வாங்கியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இப்போது அந்த விதி எனக்கு வசதியாகவும் இருந்தது. வலது கை மடியில், முந்தானைக்குள் கிடந்தால் யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாதே என்று பிலோமினிடம் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் முதல் சனிக்கிழமை காலை ஆறரைக்குத் திருவான்மியூரில் மகன் பேருந்தில் ஏற்றிவிட்டான். கிழக்குக் கடற்கரைச் சாலை வழி, கட்டணம் ஐம்பத்தைந்து ரூபாய், மூன்றேகால் மணி நேரம். போகும்போது இடப்பக்க ஜன்னல் இருக்கை பிடியுங்கள். கடல் அந்தப் பக்கம்தான்; இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளவும் முடியும். என் பக்கத்துப் பயணி மரக்காணம் தாண்டியதும் தூங்கி, என் வலது தோளில் சாய்ந்துவிட்டார். கனகசெட்டிக்குளத்தில் பேருந்து குலுங்கி நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

பேருந்து நிலையத்திலிருந்து பிலோமின் வீடு இருக்கும் துய்மா வீதி இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் ஐம்பது கேட்டார், நாற்பதுக்கு வந்தார். நான் ஏறிய விதத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், பாதி வழியில் கேட்டார்.

"கையி வரலியாம்மா? எங்க அத்தைக்கும் இதேதான். முன்னல்லாம் ஊர்ல ஒரு சாப்பாடு வுடாது. இப்ப யார் ஊட்டுக்கும் போவறதில்ல."

நானும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. வாசலில் இறக்கிவிடும்போது கைத்தடியை என் இடது கையில் சரியாகக் கொடுத்தார். அதற்காகவாவது ஐம்பது கொடுத்திருக்கலாம்.

பன்னிரண்டரைக்கு மேசையில் உட்கார்ந்தோம். மூன்றே பேர். பிலோமின், நான், அவளுடைய அண்ணன் அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்குகிறவர், மடிப்புக் கலையாத சட்டை. மேசைத் துணியில் ஒரு சுருக்கம் இல்லை. குறை சொல்லலாம் என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

முதலில் ஆம்லெட் வந்தது. ஆம்லெட்டுக்குக் கத்தி வைப்பது பிரெஞ்சுக்காரர் மேசையில் அநாகரிகம். அடுத்து வரப்போவது கீரை சாலட் என்றாள் பிலோமின். அதையும் கத்தியால் வெட்டக்கூடாது, முள்கரண்டியால் மடித்துத்தான் சாப்பிட வேண்டும். பின்னால் வருவது வஞ்சிர மீன், முள்ளை அடுக்களையிலேயே எடுத்துவிட்டேன் என்றாள். அப்போதுதான் புரிந்தது: கத்தி தேவைப்படாத பதார்த்தமாகப் பார்த்துச் சமைத்திருக்கிறாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் உப்பு ஜாடியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

ஆம்லெட் பாதி முடிந்திருக்கும். பத்து மாதத்தில் முதல் தடவையாக, அடுத்தவர் முன்னால், நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்துவான் தொண்டையைச் செருமினார்.

"மதாம், தப்பா நெனைக்கக் கூடாது. எங்க மேசையில ரெண்டு கையும் மேல இருக்கணும். ஒரு கை கீழ இருந்தா, கீழ என்னா பண்றாங்கன்னு கேப்பாங்க."

பிலோமின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "அண்ணே, நீங்க சும்மா இருங்க" என்றாள்.

எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் மனிதர் சொன்னதில் தப்பில்லை. எந்த வீட்டு மேசையோ அந்த வீட்டு முறை. அதை விருந்தாளி கேட்டு நடக்க வேண்டும். வேறு யாராவது அப்படி நடக்காமல் இருந்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா?

"அவர் சொல்றது சரிதான்" என்றேன்.

முள்கரண்டியைக் கீழே வைத்தேன். முந்தானைக்குள்ளிருந்து வலது கையை இடது கையால் தூக்கி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளைத் துணிமேல் அது கொஞ்சம் கோணலாக, விரல் மடங்கிக் கிடந்தது. மருத்துவமனையை விட்டு வந்தபின் வெளிச்சத்தில் நானே அதைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்துவான் பார்த்தார். புரிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, இரக்கமாக எதுவும் சொல்லவில்லை. ரொட்டிக் கூடையை என் பக்கம் நகர்த்தினார்.

நீளமான பிரெஞ்சு ரொட்டி, மேல்தோல் மொறமொறவென்று இருந்தது. அதைக் கையால்தான் பிய்க்க வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். பிலோமின் எனக்காகப் பிய்க்கக் கை நீட்டினாள். நான் பார்த்த பார்வையில் பின்வாங்கிக்கொண்டாள். ஒரு துண்டை எடுத்துத் துணிமேல் வைத்தேன். வலது கையைத் தூக்கி அதன்மேல் பாரமாக வைத்து, இடது கையால் இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிய்ந்தது. துணியெல்லாம் தூள். பத்து மாதம் சும்மா கிடந்த கை ஒரு வேலை செய்துவிட்டது.

பிய்த்ததைத் தட்டில் வைத்தேன்.

"தட்டுல இல்ல மதாம்" என்றார் அந்துவான். "ரொட்டிய துணி மேலதான் வெப்போம்."

பிலோமின் சிரிக்க ஆரம்பித்தாள். மூக்கில் தண்ணீர் ஏறும்வரை சிரித்தாள். "எவ்ளோ ரூலர் அடி வாங்கனேன், இப்ப உனுக்கு வந்துச்சா" என்றாள். நோய் வந்ததிலிருந்து என்னை யாரும் எதற்கும் திருத்தவில்லை. எல்லோரும் தாழ்ந்த குரலில் சரி, சரி என்பார்கள். இந்த மனிதர் ஒருவர்தான் என்னிடம் குறை கண்டுபிடித்தார். அன்று ரொட்டியை எடுத்துத் துணிமேல் வைக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நாலரை மணிப் பேருந்தில் கிளம்பி, எட்டு மணிக்கு முன் வீடு வந்தேன்.

என்னைப் போன்றவர்களுக்குச் சில குறிப்புகள். உணவகத்தில் ஆம்லெட், முள்ளில்லாத மீன், கேரமல் கஸ்டர்ட் கேளுங்கள். முள்கரண்டி ஒன்றே போதும். தட்டுக்கு அடியில் ஈரத் துணி மடித்து வைத்தால் நழுவாது. கறி வேண்டுமென்றால் அடுக்களையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் அவமானம் இல்லை. கையை ஒளிக்காதீர்கள், ரொட்டி பிய்க்க அது வேண்டும். அந்த ஆட்டோக்காரர் இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து அத்தையிடம் சொல்ல வேண்டும்.

வைகாசியில் தம்பியின் இளைய மகளுக்குக் கல்யாணம். முதல் பந்தியிலேயே எனக்கும் ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறேன். முள்கரண்டியை நானே கொண்டுபோகிறேன். பல்லைக் கீழ்நோக்கி, சாய்வாகப் பிடித்தால் வாழை இலை கிழிவதில்லை. வீட்டில் ஏழு இலையில் பழகிப் பார்த்துவிட்டேன். கிழிந்தது இரண்டுதான்.