நடு சீட்டில் படுத்துப் பார்த்தவர்

ஊரிலிருந்து வந்த உறவினர்களைச் சித்தன்னவாசல் கூட்டிப்போகப் பெரிய வண்டி ஒன்று வேண்டியிருந்தது. புதுக்கோட்டை டிராவல்ஸில் எனக்கு முன்பே ஒருவர் வண்டி பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டையான, ஒல்லியான மனிதர். ஒவ்வொரு வண்டியிலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, நடு சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்து, ஜன்னலைப் பார்த்தார்.

"காலை நல்லா நீட்டிப் பாருங்கண்ணே," என்றார் உரிமையாளர்.

"எனக்கில்லைங்க, வீட்டுக்காரிக்கு. அவ என் தோள் ஒசரந்தான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"அப்ப ஆம்புலன்ஸ்தானே வசதி?"

"அதுல வெளிய ஒண்ணும் தெரியாதுங்க. எங்களுக்கு மீமிசல். கடலைப் பாத்துக்கிட்டே போவணுங்கிறா."

கடைசியாக நின்றது நான் கேட்டு வைத்திருந்த வண்டி. அதில்தான் வெகுநேரம் படுத்திருந்தார். எழுந்து, "ரெண்டு தலகாணி வச்சா தெரியும்," என்றார். எனக்கு வேறு வண்டி போதும் என்று சொல்லிவிட்டேன்.

"எப்பண்ணே திரும்புறீங்க?" எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டுவிட்டார் உரிமையாளர்.

குனிந்து செருப்பை மாட்டியபடியே, "போறதுக்கு மட்டும் போதுங்க," என்றார்.

சில மாதம் கழித்து அதே வண்டியில் மீமிசல் பக்கம் போனேன். கடலோரத்தில் நிறுத்தி, மற்றவர்கள் டீ குடிக்க இறங்கினார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடு சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்துப் பார்த்தேன்.

வெறும் வானம்தான் தெரிந்தது.

அவர் தலையணை வைத்திருப்பார். இரண்டு வைத்திருப்பார்.