கொய்யா ஐஸும் என் ஓரகத்தியும்

மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்குக் கைப்பக்குவம் இல்லை என்பதுதான் என் மாமியாரின் தீர்ப்பு. ரசம் வைத்தால் கழுநீர் என்பார், குழம்பு வைத்தால் முகத்தைச் சுளிப்பார். எனக்கு உருப்படியாக வந்தது கொய்யா ஐஸ் ஒன்றுதான். அதையும் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி, தட்டிப் பறித்துக்கொண்டாள்.

நாங்கள் மாடியில், அவர்கள் கீழே. எங்கள் ஓட்டை ஃப்ரிட்ஜில் எதுவும் கெட்டியாக உறையாது. சிவப்புக் கொய்யாவை வேகவைத்து, விதை போக வடிகட்டி, சர்க்கரை, எலுமிச்சை, இந்துப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கலந்து அவள் ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைப்பேன். பாதி உறைந்ததும் மிக்ஸியில் அடித்து மறுபடியும் வைக்க வேண்டும். இவ்வளவும் நான் செய்ய, விருந்தாளிகளுக்குக் கிண்ணத்தை நீட்டுகிறவள் அவள். "நானே பண்ணுனதுங்க" என்பாள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா "தும்ப சென்னாகிதே ரீ" என்று அவளைப் புகழ்ந்தபோது நான் அங்கேயே தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது.

கேட்டேவிட்டேன். "ஏனுங்க்கா, நான் பண்ணுனதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அட, ஃப்ரிட்ஜு யாருது? இதுக்குப் போயி கோவிச்சுக்கறயே!" என்று சிரித்தாள்.

இருடி, உனக்கு வைக்கிறேன் என்று கருவிக்கொண்டேன்.

அவள் பிறந்த வீட்டார் நஞ்சன்கூட்டிலிருந்து வருவதாக இருந்தது. "நெறையப் பண்ணி வை" என்று உத்தரவு. "ஆகட்டுங்க்கா" என்றேன், குழைந்து.

குளிரில் நாக்கு மரத்துவிடும். உறைந்த பிறகு காரம் உடனே தெரியாது, கரைந்து தொண்டைக்குள் இறங்கும்போதுதான் பிடிக்கும். செய்கிறவளுக்கு இது தெரியும், நீட்டுகிறவளுக்குத் தெரியாது. குழந்தைகளுக்குத் தனி டப்பாவில் காரமே இல்லாமல் வைத்தேன். பெரியவர்கள் டப்பாவில் ஊசிமிளகாயைக் கை கொண்ட மட்டும் அரைத்துக் கொட்டினேன். அவள் வாயில் வைத்துப் பார்க்கமாட்டாள் என்பது எனக்கு நிச்சயம். என்றைக்குப் பார்த்தாள்?

முதல் வாய்க்கு எல்லோரும் ஆஹா என்றார்கள். அவளும் வழக்கம்போல "நானே பண்ணுனது" என்றாள். மூன்றாவது வாய்க்குள் அவள் அண்ணன் தண்ணீர்க் குடத்துக்கு ஓடினார். அவள் அம்மா கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய முந்தானையைத் தேடினார். எனக்கு அப்படியே குளுகுளுவென்று இருந்தது.

"ஐயோ, இத நான் பண்ணலீங்க! மேல இருக்காளே, அவ பண்ணுனது!" என்று அவள் அலறினாள்.

அப்பாடா, வாயால் சொல்லிவிட்டாள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன்.

மாமியார்தான் எழுந்தார். "இத்தன நாளா நானே நானேன்னு பீத்திக்கிட்டு, இப்ப அவ தலையில கட்டறயா? ஒரு ரசம் ஒழுங்கா வெக்கத் தெரியாது அவளுக்கு. அவளாவது, ஐஸ் பண்றதாவது!"

மாமியார் எனக்காகப் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கும் என் சமையலைத்தான் திட்டினார்.