சீம்பால் தொடாத குட்டிகள்

எங்கள் பன்றிப் பண்ணையில் அவளை எல்லோரும் மருத்துவச்சி என்றுதான் கூப்பிடுவோம். குட்டி ஈனும் கொட்டகையில் பதினாறு வருட வேலை. குட்டி குறுக்கே சிக்கினால் முழங்கை வரை சோப்பு தடவிக் கையைவிட்டு எடுத்துவிடுவாள். "தட்டைத் தொடுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கையைக் கழுவு" என்று அவள் கணவர் தினமும் சொல்வாராம். "நீங்க முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க" என்பாளாம் இவள்.

நோஞ்சான் குட்டி என்றால் அவளுக்கு உயிர். தாய் புரண்டு படுத்து நசுக்கிவிடுமோ என்று பயந்து, பிறந்த கையோடு சின்னப் பெட்டைக் குட்டிகளை மட்டும் தூக்கிவிடுவாள். "ஆண் குட்டி எப்படியும் கறிக்குத்தான். இதுங்கதானே நாளைக்குத் தாய்" என்பாள். பல்பு எரியும் பெட்டியில் சூடாகப் போட்டு, புட்டியில் பால் கொடுத்து, மூன்றாம் நாள்தான் தாயிடம் விடுவாள். அந்தப் பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்தவன் நான். தீவன அறை என் பொறுப்பு. அந்த வருடம் அப்படி வளர்ந்த பதினொன்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. "கொழுகொழுன்னு இருக்கே, இதுங்களையே இனத்துக்கு வச்சுக்கலாம்" என்றார் மேலாளர். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

பருவம் வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது. ஐந்து சினையே பிடிக்கவில்லை. மற்றவை, பன்னிரண்டு ஈனவேண்டிய இடத்தில் மூன்றும் நாலும் ஈன்றன. அடுத்த தடவையும் அதே கதை. கால்நடை டாக்டர் வந்தார்.

"பிறந்த அன்னைக்கு இதுங்க தாய்கிட்ட குடிச்சுதாம்மா?"

"புட்டியில குடுத்தேன் டாக்டர். ஒண்ணுகூடச் சாகல."

"சீம்பால் குடிச்சுதான்னு கேட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறக்கும்போது குட்டியின் கருப்பை முழுசாக வளர்ந்திருக்காதாம். முதல் ஒன்றிரண்டு நாள் சீம்பாலில் போகிற ஏதோ ஒன்றுதான் அதை ஒழுங்காக வளரவைக்குமாம். அது தவறினால் பிறகு எதைக் கொட்டினாலும் ஈடாகாதாம். இத்தனையையும் டாக்டர் சுவரில் சாய்ந்து டீ குடித்தபடி சொன்னார். அந்த டம்ளரைத் தட்டிவிடலாம் போல எனக்கு ஆத்திரம். பதினாறு வருடத்தில் எவனாவது வந்து இதைச் சொன்னானா?

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் சார்" என்று மேலாளரிடம் கெஞ்சினாள்.

"போன தடவையும் இதையேதான் சொன்னே" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை கறிக்கூடத்து லாரி வந்தது. பதினொன்றும் ஏறுவதற்குச் சாய்த்துப் போட்ட பலகையில் கால்வைக்க மறுத்தன. லாரிக்காரன் தடியை எடுத்தான்.

"அடிக்காதே!" என்று கத்தினாள். பிறகு அவளே பலகையில் ஏறி லாரிக்குள் போய், "வாங்கடி" என்றாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஏறின. உள்ளே அவளைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன.

"கதவைச் சாத்தணும், இறங்கும்மா" என்றான் லாரிக்காரன். அவள் அசையவில்லை. நான்தான் ஏறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் கூப்பிட்டதும் வந்துடுச்சுங்க, தம்பி" என்றாள்.

லாரி போன பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.