பட்ஜெட் நாளும் பாதி மலையும்

சாம்பிராணி வாசனை வந்தால் எனக்கு இன்றும் பட்ஜெட் ஞாபகம்தான் வரும்...

கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்த நாட்கள். பட்ஜெட் அன்று காலையில் முருகனுக்கு விளக்கேற்றி, சாம்பிராணியை அப்படியே டிவிக்கும் ஒரு சுற்றுக் காட்டுவேன். மனை விற்றால் வரும் வரி குறையணும்... அதுதான் வேண்டுதல்.

ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு மனை. கல்யாணமான புதிதில் என் வளையலையும் அவர் சீட்டுப் பணத்தையும் போட்டு வாங்கியது. அங்கே நின்றால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும்.

பாதியை விற்று, மீதியில் வீடு கட்டலாம் என்பேன். வாடகை வீட்டில் மழை வந்தால் சாமி படங்களைக்கூடக் கட்டிலுக்கு அடியில் வைக்கணும்.

வருஷா வருஷம் அவர் பதில் ஒன்றுதான்.

"லாபத்துல இருபது பர்சென்ட் வரியாம். அடுத்த பட்ஜெட்ல கம்மி பண்ணட்டும், பாக்கலாம்."

"நீ வூடு கட்டறதுக்குள்ள எனக்குப் பேரப்புள்ளயே பொறந்துடும்ப்பா" என்பாள் மகள்.

ஒரு பட்ஜெட்டில் நிஜமாகவே பன்னிரண்டரை ஆக்கினார்கள். நான் டிவியைக் கும்பிட்டே விட்டேன். அவர் முகம்தான் வாடியது.

"விலைவாசி ஏத்தத்துக்குக் கழிச்சிக்கினு இருந்தத எடுத்துட்டாங்களே... ஜாஸ்திதான் ஆவும்."

கொஞ்ச நாளில், பழைய மனைக்கு இரண்டு கணக்கில் எது கம்மியோ அதைக் கட்டினால் போதும் என்றார்கள். அதற்கும் அவர் அசையவில்லை.

நானே ஆடிட்டரிடம் போனேன்.

"விக்கற பணம் மொத்தத்தையும் போட்டு வூடு கட்டினா வரியே வராதும்மா. சார்கிட்ட எப்பவோ சொன்னேனே?"

வழியெல்லாம் கோபம். சோறு போட்டுவிட்டுத்தான் கேட்டேன்.

"தெரிஞ்சிக்கினே ஏங்க இத்தினி வருஷம்?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன் வளையலு அது. பாதி மனைய வித்தா... ஒரு கை வளையல மறுபடியும் கழட்டுனா மாதிரி இருக்குதும்மா."

கண்ணாடி வளையல் போட்ட கையால் ரசம் ஊற்றினேன்.

"வூடு ஆவட்டும்னுதாங்க அன்னிக்கே கழட்டிக் குடுத்தேன்."

அந்தத் தை மாதமே பாதியை விற்றோம்.

இப்போது சொந்த வீடு. சாமி படங்கள் சுவரை விட்டு இறங்குவதே இல்லை. பட்ஜெட் அன்று டிவி போடக்கூட மறந்துபோகிறது. அடுத்த மனைக்காரரும் மாடி எழுப்பிவிட்டார்.

சாயந்திரம் வாசலில் உட்கார்ந்தால் அவர் சொல்வார்: "பாதி மலை மறைஞ்சி போச்சே..."

வெறும் மனையாக இருந்தபோது முழு மலையும் தெரிந்தது. பார்க்க உட்காரத்தான் இடமில்லை.

"நம்ம ரெண்டு பேருக்குப் பாதி போதும்ங்க" என்பேன்.