சிதம்பரத்தில் ஒரு தாய்மாமன்

ஜூன் 2010, சனிக்கிழமை. சென்னையில் ஏறிய பேருந்து என்னைக் கடலூரில் இறக்கிவிட்டபோது மணி ஆறரை. இங்கிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய். காலையில் தெற்கே போகும் வண்டியில் ஓட்டுநர் பக்கம் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வெயில் வழியெல்லாம் முகத்தில்தான் அடிக்கும். முதல் பயணத்தில் எனக்கு இது தெரியாது. இப்போது கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போகின்றன.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்தில் பள்ளி ஆசிரியன். என் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் என்று சொல்வார்கள். கடலூர் மாவட்டத்தோடு எனக்கு எந்தச் சொந்தமும் கிடையாது. 2004இல் மகள் கவிதாவைச் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்க்க வந்தேன். பிறகு ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் அவளைப் பார்க்க வந்தேன். போன வருடம் அவள் படிப்பை முடித்து ஊர் திரும்பிவிட்டாள். இந்த ஜூனில் எனக்கு இங்கே வரக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் டிக்கெட் எடுத்தேன்.

முதுநகர் தாண்டியது. செம்மங்குப்பம் வந்ததும் தொழிற்பேட்டை வாடைக்குப் பழகியவர்கள் ஜன்னலை மூடினார்கள், நானும் மூடினேன். ஆலப்பாக்கம் தாண்டித் திறந்தோம். புதுச்சத்திரத்தில் ஒரு பெண் கருவாட்டுக் கூடையோடு ஏறி, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். தள்ளி உட்கார்ந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது தூரத்தில் கோபுரங்கள் தெரியும். ஆறு வருடமாகப் பார்க்கிறேன். இன்னமும் அந்த இடத்தில் எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஓர் ஆட்டோக்காரர் என் பையை வாங்கிக்கொண்டார். "என்னா சார், மலேசியா. இந்த வருசம் லேட்டு. லாட்ஜுக்கா, மெஸ்ஸுக்கா?"

"மெஸ்ஸுக்கு."

"அதான பாத்தேன்."

செல்வியின் மெஸ் கீழ வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. கவிதா ஐந்து வருடம் அங்கேதான் சாப்பிட்டாள். செல்வி சமையல், அவள் கணவர் குமார் பரிமாறல். வெகுகாலம் குழந்தையில்லாமல் இருந்து, போன வருடம்தான் யாழினி பிறந்தாள். என்னைச் செல்வி அண்ணே என்பாள், குமார் சார் என்பார். இலை போட்டு இட்லியும் கொத்சும் வைத்தார் குமார். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துச் செய்யும் இந்தக் கொத்சை ஈப்போவில் நானே செய்து பார்த்திருக்கிறேன். என் மனைவி மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிட்டாள்.

பகலெல்லாம் நான்கு வீதிகளையும் சுற்றினேன். முதல் தடவை வருபவர் கோயிலையும் பிச்சாவரத்தையும் பார்த்தாக வேண்டும். எனக்கு அந்தக் கடமை இல்லை. செருப்புக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருக்கிறது. தேர் நிற்கும் தேர் முட்டிக்கு எதிரே டீ போடுபவர் மீசையை எடுத்துவிட்டார். இப்படி, மாறியதையும் மாறாததையும் சரிபார்த்துக்கொண்டு நடப்பதில் ஒரு சுகம். பலமுறை வந்தவனுக்குத்தான் அது கிடைக்கும்.

மாலையில் செல்வி கை துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அண்ணே, நாளைக்கு யாழினிக்கு மொட்டை போட்டு காது குத்துறோம். கடலூர் முதுநகர்ல, அவுங்க வீட்டு சாமி கோயில்ல. மாமன் மடியில உக்கார வெச்சிதான் குத்தணும். எனக்குக் கூடப் பொறந்தவன் கெடையாது. நீங்க உக்காருறீங்களா?"

"சொந்தக்காரங்க ஒத்துக்குவாங்களா?" என்றேன்.

"அத நான் பாத்துக்கறேன். நீங்க எதுவும் வாங்கிட்டு வர வேணாம்."

அவள் அடுப்படிக்குப் போனதும் மேல வீதிக்கு நடந்து ஒரு ஜோடி சின்னத் தோடு வாங்கினேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேனில் முதுநகர் போய்ச் சேர்ந்தோம். துறைமுகத்துக் காற்றில் மீன் வாடை. கோயில் வேப்பமரத்தடியில் முப்பது பேர் இருக்கலாம். மொட்டை முடிந்தது. குழந்தை தலையில் சந்தனத்தோடு திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்து வைத்து, "மாமன் யாரு, வந்து உக்காருங்க" என்றார்.

நான் உட்கார்ந்தேன். குமாரின் பெரியப்பா முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த குரல். "இவுரு யாரு?"

"மலேசியாலேந்து வந்திருக்காரு, பெரியப்பா" என்றார் குமார்.

"அது சரி. பூர்வீகம் எது? என்ன ஆளுங்க?"

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. முகம் சூடானது. எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றினேன். செல்வி குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள். வைத்தபின் எப்படி எழுவது?

"பெரியப்பா, எனக்கு ஆஸ்பத்திரில ஆபரேசன் ஆச்சில்ல, அப்ப அவ்ளோ தூரத்துலேந்து தெனமும் போன் பண்ணி விசாரிச்சது இவுருதான். நம்மள்ல யாரு வந்து பாத்தாங்க?" குரலை அவள் உயர்த்தவேயில்லை. "எனக்கு அண்ணன் இவுருதான். அவுரு உக்காரலன்னா காது குத்து வேணாம்."

பெரியப்பா குமாரைப் பார்த்தார். குமார் எப்போதும் யாருக்கும் எதிராகப் பேசாதவர். தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "மச்சான் உக்காரட்டும்" என்றார்.

பத்தர் காத்திருக்கவில்லை. முதல் காதில் ஊசி இறங்கியது. யாழினி வீறிட்டாள், என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், காலால் வயிற்றில் உதைத்தாள். "தலைய அசையாம புடிங்க" என்றார் பத்தர். நான் பிடிக்கப் பிடிக்கத் தலை நழுவியது. பெரியப்பா குனிந்து, குழந்தையின் தலையை என் நெஞ்சோடு சேர்த்துத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "நல்லா இறுக்கிப் புடிங்க மாப்ள" என்றார். இரண்டாவது காதும் முடிந்தது. நான் வாங்கி வந்த தோடுகளைப் பத்தர் மாட்டிவிட்டார்.

சாப்பாட்டில் பெரியப்பா பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தார். பூர்வீகத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. ஈப்போவில் மழை உண்டா, அரிசி என்ன விலை என்று விசாரித்தார். எனக்கு அவர் மேல் கோபம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் இலையில் பாயசம் வரவில்லை என்று பரிமாறியவரை அதட்டிக் கூப்பிட்டவரும் அவர்தான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சென்னைப் பேருந்து. குமார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தார். பெரியப்பாவும் ஏதோ வேலையாகச் சிதம்பரம் வந்தவர், கூடவே வந்து ஜன்னலோரம் நின்றார்.

"மாப்ள, ஒண்ணு ஞாபகம் வெச்சிக்குங்க. இவ கல்யாணத்துக்கு மணவறைக்குக் கையப் புடிச்சி கூட்டியாரணும். தாய்மாமன் வேல அது."

"அப்ப எனக்கு எழுபத்தஞ்சு வயசு ஆயிடும்."

"அதுக்கென்ன. கம்ப ஊனிக்கிட்டு வாங்க."

வண்டி நகர்ந்தது. ஈப்போவில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, நல்ல அண்டைவீட்டார் இருக்கிறார்கள், ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கை இருக்கிறது. ஆனால் இருபது வருடம் கழித்து இன்ன நாளில் இன்ன இடத்தில் நீ நின்றாக வேண்டும் என்று அங்கே யாரும் என்னிடம் சொன்னதில்லை. விருந்தாளி வரலாம், வராமலும் இருக்கலாம். மாமன் வந்தே ஆக வேண்டும். வெள்ளாற்றுப் பாலம் வரை அதையே நினைத்துக்கொண்டு, மிகுந்த திருப்தியோடு உட்கார்ந்திருந்தேன்.