சுவருக்கு அந்தப் பக்கத்துச் சூடு

ஊரில் அவளை எல்லோரும் அனலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; அது சம்பளப் பட்டியலோடு சரி. சலவைக்கூடத்துப் பாய்லருக்குக் கரி போடுகிறவளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? அவள் கணவர் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவர். அவருக்கு ஐஸ் மாமா என்று பெயர். வேலைதான் ஐஸே தவிர, யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத மனிதர். கட்டின மனைவிக்குக்கூட ஒருநாளும் வைத்ததில்லை.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். இந்தப் பக்கம் அவள் விடிந்ததிலிருந்து கரியை வாரிப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு, போர்வை, டாக்டர்களின் அங்கி எல்லாம் இங்கேதான் வெளுக்கும். அந்தப் பக்கம் அவர் தண்ணீரை உறைய வைப்பார். உறைய வைப்பதென்றால் சும்மாவா? தண்ணீருக்குள் இருக்கும் சூட்டைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதை எங்கேயாவது கொட்டவும் வேண்டும். கூரைமேல் ஒரு கோபுரம் வைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, அத்தனை சூட்டையும் வானத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோபுரத்துச் சாரல் சுவரைத் தாண்டி வந்து இவளுடைய கரிக்குவியலை நனைத்தது. நனைந்த கரி புகையுமே ஒழிய எரியாது. கல்யாணத்துக்கு முந்திய காலம் அது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், கரி அப்பிய முகத்தோடு அந்தப் பக்கம் போய், "யாருய்யா இங்க ஆப்பரேட்டர்?" என்று ஒரு சத்தம் போட்டாள். எட்டிப் பார்த்த ஆள் ஒரு தகரத்தை எடுத்து வந்து சுவர்மேல் அடித்துக் கொடுத்தார். மறுநாள் தகரம் ஆடுகிறதா என்று பார்க்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஆடாத தகரத்தை அத்தனை நாள் வந்து பார்த்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் இருப்பார். கடைசியில் அது கல்யாணத்தில் போய் முடிந்தது.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் வாயடைத்துப் போகிறேன். ஒரு சுவர். அந்தப் பக்கம் சூட்டை வேண்டாமென்று கொட்டுகிறார்கள். இந்தப் பக்கம் சூடு போதாதென்று மலைமலையாகக் கரியை எரிக்கிறார்கள். கொட்டுகிறவரும் எரிக்கிறவளும் ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்திலிருந்து போட்டுச் சாப்பிடுகிறார்கள். "இன்னைக்குச் சூட்ட தள்ளித் தள்ளி இடுப்பே விட்டுப்போச்சு" என்பார் அவர். "எனக்கு இன்னைக்குச் சூடே ஏறல" என்பாள் அவள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பாவப்பட்டுக்கொண்டு தூங்கப் போவார்கள். இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு முதலாளிகளுக்கும் தோன்றவில்லை. சோதனைக்கு வந்துபோன அதிகாரிகளுக்கும் தோன்றவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் உங்களுக்கும்கூடத் தோன்றியிருக்காது.

இதற்கிடையில் அனலக்காவின் நெஞ்சு கெட்டது. இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பாய்லர் ரூமை விட்டுடுங்கம்மா. இன்னும் ரெண்டு வருஷம் இந்தப் புகையில நின்னா, அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

விடு என்று சொல்வது சுலபம். சாம்பல் அள்ளும் வேலைக்குச் சேர்ந்து, பாய்லர் பரீட்சை எழுதித் தேறி, அந்த ஊரில் முதன்முதலாகப் பாய்லர் சாவியைக் கையில் வாங்கிய பெண் அவள். அந்த வேலையில் அவளுக்கு உயிர். புகையை விடலாம், வேலையை எப்படி விடுவது? வேலையிலிருந்து புகையை மட்டும் பிரித்தெடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

அப்போதுதான் நகர மன்றத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். அந்த வட்டாரம் முழுக்கக் கரியைக் குறைப்பது என்று முடிவாகியிருந்தது. எப்படி என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்டிப் பேச்சு என்று சலவைக்கூட முதலாளி தனக்குப் பதிலாக அனலக்காவை அனுப்பினார். ஐஸ் முதலாளியும் அதே எண்ணத்தில் மாமாவை அனுப்பினார். நடத்தியவள் கல்லூரியில் பொறியியல் சொல்லிக் கொடுக்கும் பெண், எல்லோருக்கும் டீச்சர். மன்றத்துத் தரை முழுக்கச் சுண்ணக்கட்டியால் ஊரின் வரைபடத்தைப் போட்டு வைத்திருந்தாள். அவரவர் வேலை செய்யும் இடத்தில் போய் நிற்கச் சொன்னாள். பால் பண்ணைக்காரர் ஆற்றோரம் நின்றார். காற்றாலைச் சங்கத்துக்காரர்கள் மேட்டில் நின்றார்கள். நம்முடைய இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவே ஒரு சுண்ணக்கோடு.

"நீளமாப் பேச வேண்டாம். உங்ககிட்ட வீணாப் போறது எது, உங்களுக்கு வேணுங்கிறது எது, இது ரெண்டை மட்டும் சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

மாமாவின் முறை வந்தது. "வீணாப் போறதுன்னா... சூடுதாங்க."

அடுத்து அனலக்கா. "எனக்கு வேண்டியது சூடு."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, கூரை அதிர்ந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இத்தன வருஷத்துல அந்தச் சூடு எனக்கு ஆகும்னு ஒரு வார்த்த சொல்லலியேங்க!"

"நீ கேக்கவே இல்லியே!"

டீச்சர் சிரிக்கவில்லை. அந்தச் சுண்ணக்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்க வர்றது வெதுவெதுப்புதான். உங்களுக்குக் கொதிசூடு வேணும். ஆனா வெதுவெதுப்பை அள்ளிக் கொதிசூடாக்கற மெஷின் இருக்கு. கரி வேண்டாம், கரண்ட் போதும்" என்றாள். மேட்டில் நின்றவர்கள் உடனே கையைத் தூக்கினார்கள். "காத்து அடிக்கிறப்ப எங்ககிட்ட கரண்ட் மிச்சம். வாங்க ஆளில்லாம சும்மா நிறுத்தி வைக்கிறோம்." சூடான தண்ணீரைச் சேர்த்து வைக்கத் தொட்டி வேண்டுமே என்று டீச்சர் யோசித்தபோது, பால் பண்ணைக்காரர் ஆற்றோரத்திலிருந்தே கத்தினார். "பழைய பால் தொட்டி ஒண்ணு கெடக்கு, எடுத்துக்கறீங்களா?"

அன்றைக்கு வீடு திரும்பும்போது அனலக்கா வழிநெடுக ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அத்தனை பேரும் அவள் தினம் பார்க்கிற முகங்கள். அவரவர் குப்பையை அவரவர் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் ஒருவர் குப்பை இன்னொருவருக்குப் பொக்கிஷமாக இருந்தது.

குழாய்க்காரர்கள் சுவரை உடைத்து, டீச்சர் சொன்ன மெஷினையும் வைத்தார்கள். பால் தொட்டியைக் கொண்டு வந்து இறக்கியபோது டீச்சருக்கு முகம் சுண்டிப் போயிற்று. அவள் கணக்குப் போட்டதைப் போல இரண்டு மடங்கு பெரிசு. "இதைச் சூடாக்கறதுக்குள்ள நமக்கு வயசாயிடும்" என்றாள். கிடைத்தது அதுதான், சுற்றிலும் பஞ்சுப் போர்வை போர்த்தி நிறுத்தினார்கள்.

ஒத்திகைக்கு ஆஸ்பத்திரித் துணிகளின் பொறுப்பாளரான மேட்ரன் ஒரு நாள் கொடுத்தார். கறாரான அம்மாள். "எண்பது டிகிரிக்குக் கீழ துவைச்ச துணிய என் நோயாளிங்க மேல போத்த மாட்டேன். அவ்வளவுதான்." சலவைக்கூட முதலாளியும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார். அன்றைக்குத் தவறினால் பழையபடி கரிதான், மற்றதை அடுத்த வருஷம் பார்க்கலாம். அவருடைய அடுத்த வருஷம் எந்தக் காலத்திலும் வந்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அனலக்கா தனக்குள் முடிவு செய்துகொண்டாள்: இது தேறினால் புதிய குழாய்களுக்கும் அவள்தான் ஆப்பரேட்டர், தேறாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அந்த நாளும் வந்தது. பாய்லர் அணைந்து கிடந்தது. அவளுக்குத் தெரிந்து அதன் வயிறு குளிர்ந்ததே இல்லை; தொட்டுப் பார்த்தாள், வேறு யாருடைய பாய்லர் மாதிரியோ இருந்தது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு தொட்டியின் வெப்பமானி முள்ளையே பார்த்து நின்றாள். போனின் மறுமுனையில் மாமா கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றார். முள் நகர்கிறது என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று தெரியாதபடி நகர்ந்தது. மேட்ரன் துணி வண்டியோடு வந்து நின்றார். முதலாளி அங்குமிங்கும் நடந்தார்.

எழுபதைத் தாண்டியது. நெருப்பு இல்லை, புகை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் உறைகிறது. உறைவதால் இந்தப் பக்கம் தண்ணீர் கொதிப்புக்கு ஏறுகிறது. அனலக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முள் எண்பதைத் தொட்டது, தாண்டியது. தலைகால் புரியாமல் போனில் கத்தினாள்.

"சூடு ஏறிடுச்சு! ஏங்க, சூடு ஏறிடுச்சு!"

மறுமுனையில் டக்கென்று ஒரு சத்தம். அதுவரை சுவர் வழியே அதிர்ந்துகொண்டிருந்த இரைச்சல் அடங்கிப்போயிற்று.

விஷயம் இதுதான். சலவைக்கூடத்தில் "சூடு ஏறிடுச்சு" என்றால் துணியைப் போடலாம் என்று அர்த்தம். அங்கே அதைவிட நல்ல செய்தி கிடையாது. ஐஸ் தொழிற்சாலையில் "சூடு ஏறிடுச்சு" என்றால் கம்ப்ரஸர் வெடிக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த வார்த்தை காதில் விழுந்தால் யோசிக்கக் கூடாது, சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். மாமாவின் கைக்கு யோசிக்கவே தெரியாது. அமுக்கிவிட்டது.

"என்ன ஆச்சு? ஏன் நிறுத்தினீங்க?" என்று டீச்சர் போனைப் பிடுங்கிக் கேட்டாள்.

"சூடு ஏறிடுச்சுன்னு அவதானம்மா கத்தினா!"

நின்ற கம்ப்ரஸரை உடனே ஓட்ட முடியாது. உள்ளே அழுத்தம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். "அடுப்ப மூட்டு. போதும் விளையாட்டு" என்றார் முதலாளி. மேட்ரன் வண்டியைத் திருப்பப் போனார்.

அப்போது டீச்சர் தொட்டியை அண்ணாந்து பார்த்தாள். வேண்டாத அளவுக்குப் பெரிய, பஞ்சு போர்த்திய, முழுக்க எண்பதுக்கு மேல் சூடேறிய தொட்டி. "அக்கா, திறங்க! ஒரு வண்டித் துணிக்கு இதுலயே இருக்கு!"

அனலக்கா வால்வைத் திறந்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு இறங்கியது. மேட்ரன் சலவை எந்திரத்தின் வெளிக்குழாயில் தன் சொந்த வெப்பமானியைச் செருகிக்கொண்டு சிலைபோல நின்றார். எண்பத்திரண்டு. துணி சுழன்றது. எண்பத்தொன்று. எந்திரம் நின்றபோதும் எண்பத்தொன்றுதான். அன்றைக்கு அத்தனை பேர் வயிற்றிலும் பால் வார்த்தது அந்தப் பால் தொட்டிதான். சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் மறுபடி இரையத் தொடங்கியது. மேட்ரன் ஒரு விரிப்பை உதறி, முகர்ந்து, மடித்தார். "நாளைக்கு ரெண்டு வண்டி அனுப்பறேன்" என்றார்.

மாமா ஓடி வந்தார். "உன் பொழப்ப என் கையாலயே நிறுத்திட்டேனோன்னு..." என்று இழுத்தார். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "குழாய், பம்பு, கரண்ட் எல்லாம் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒரே பாஷைதானேன்னு இதை மட்டும் விட்டுட்டேன்."

இப்போது அந்த வட்டாரத்தில் எங்கே குழாய் போடுவதானாலும், முதலில் இரண்டு பக்கத்து ஆட்களையும் எதிரெதிரே உட்கார வைக்கிறார்கள். 'நல்லாருக்கு' என்றால் உங்களுக்கு என்ன, எங்களுக்கு என்ன? 'விடு' என்றால் திறப்பதா, நிறுத்துவதா? அதெல்லாம் பேசித் தீர்த்த பிறகுதான் சுவரை உடைப்பார்கள். செங்கல் சூளையும் காகித ஆலையும் சேர்ந்தது அப்படித்தான். மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் பார்க்க வருகிறார்கள்.

போன மாதம் ஒரு கூட்டம் வந்திருந்தது. அனலக்கா அவர்களுக்குச் சிவப்புப் பொத்தான் கதையை நடித்தே காட்டினாள். மாமா கண்ணை உருட்டியது, பொத்தானைக் குத்தியது, மேட்ரனின் முறைப்பு என்று ஒன்றையும் விடவில்லை. வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முன்பெல்லாம் அவள் சிரிக்க ஆரம்பித்தால் பாதியிலேயே இருமல் வந்து பிடித்துக்கொள்ளும். மாமா தண்ணீர் எடுக்க ஓடுவார். அன்றும் பழக்கதோஷத்தில் செம்பை எடுத்துக்கொண்டு வாசல்படி வரை வந்துவிட்டார். இருமல் வரவில்லை. சிரிப்பு நீண்டு, தணிந்து, ஒரு பெருமூச்சில் தானாக முடிந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், மனைவியின் சிரிப்பு எப்படி முடியும் என்பதை அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.